சுற்றாத கொடிக்குச் சுருள் என்று பெயர்

கேள்வி: நர்சரியில் ஒரு ஐவி தொட்டி வாங்கினேன். அட்டையில் ‘ஹெடெரா ஹெலிக்ஸ்’ என்று எழுதியிருந்தது. ஹெலிக்ஸ் என்றால் சுருள் என்று டி.என்.ஏ. பாடத்தில் படித்த நினைவு. ஆனால் நட்டு வைத்த குச்சியை இந்தக் கொடி சுற்றவே இல்லை. பெயர் வைத்தவர் தப்பாக வைத்துவிட்டாரா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான். ஐவி அவரையைப் போலச் சுற்றாது. வெற்றிலைக்கொடி போல, தண்டில் விடும் சிறு வேர்களால் பற்றி ஏறும். ஏறுகொடிகளைப் பற்றி எழுதிய டார்வினும் இதை வேரால் ஏறும் கூட்டத்தில்தான் சேர்த்தார்.

‘ஹெடெரா’ என்பது ரோமானியர் ஐவிக்குச் சொன்ன சாதாரண லத்தீன் சொல். ‘பற்று’ என்னும் பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பது மொழியியலாளர் சிலரின் கருத்து. செடியின் குணத்துக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

சுவாரசியம் ‘ஹெலிக்ஸ்’ பக்கம். அது கிரேக்கம், டி.என்.ஏ.வில் நீங்கள் படித்த அதே சொல். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் ஐவியில் வெள்ளை, கறுப்பு, ஹெலிக்ஸ் என்று மூன்று வகை சொல்கிறார். மூன்றாவது காய்க்காது, இலையும் சிறியது, கோணங்கள் உள்ளது. முதிர்ந்தால் இதுவே காய்க்கும் ஐவியாக மாறிவிடும் என்று சிலர் சொல்வதையும் குறித்து வைத்திருக்கிறார். அந்தச் சிலர் சொன்னதுதான் உண்மை! இளம்பருவ ஐவியின் இலை மூன்று அல்லது ஐந்து மடலாகப் பிரிந்திருக்கும். வெயில் படும் உயரத்துக்குப் போய் முதிர்ந்தபின் இலையில் மடல் இருக்காது, பற்றுவேரும் விடாது. இலையுதிர்காலத்தில் பூத்து, கறுப்புப் பழம் தரும். ஒரே செடியின் இரண்டு பருவங்களை முன்னோர் இரண்டு செடிகளாக எண்ணியதில் வியப்பில்லை.

1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் லத்தீன் சொல்லையும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து ஹெடெரா ஹெலிக்ஸ் என்று பெயரிட்டார். அப்படித்தான் காய்க்காத இளங்கொடியின் பெயர் இனம் முழுவதற்கும் ஆனது. ஆகவே அது தப்பான பெயரல்ல, பழைய பெயர். அதை வைத்துச் செடியின் போக்கை ஊகிக்கத்தான் கூடாது.

உங்கள் செடிக்கு வழவழப்பான குச்சி உதவாது. தேங்காய்நார் சுற்றிய கம்பம் வையுங்கள். வண்ணமடித்த சுவரில் மட்டும் ஏற்றாதீர்கள், பிய்க்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். இதன் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். கத்தரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.