பதினாறு வயதிலேயே தொடங்குங்கள்



ஒன்ராறியோவில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறுவர் சேவைகள் பெரும்பாலும் 18 வயதுடன் நின்றுவிடும். வளர்ந்தோருக்கான சேவைகள் தாமாகத் தொடரமாட்டா. நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

1. பதினாறில்: ‘டெவலப்மென்ரல் சேவிசஸ் ஒன்ராறியோ’வில் விண்ணப்பியுங்கள். உதவியாளருக்கான ‘பாஸ்போட்’ நிதிக்கும் தங்குமிட வசதிக்கும் இதுவே வாசல். தங்குமிடத்துக்குப் பல வருடம் காத்திருக்க நேரலாம்.

2. பதினேழரையில்: ஓ.டி.எஸ்.பி. உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் வருமானம் கணக்கில் எடுக்கப்படாது.

3. இன்றே: பஸ்ஸில் போகவும் தேநீர் போடவும் காசு எண்ணவும் பழக்குங்கள்.

சனம் என்ன கதைக்கும் என்று மறைத்தால் இழப்பது பிள்ளையே. எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு, நாங்கள் இருக்கும்போதே விடை தேடுவோம்.