வீராங்கனையின் கோப்பு



சைபர் பாதுகாப்புப் படிப்பையும் போட்டி விளையாட்டையும் ஒரே பெண் மேற்கொண்டால் இரண்டும் கெடும் என்ற பேச்சு, திருவாலங்காட்டில் மின்சார ரயிலேறிக் கல்லூரிக்குப் போகும் பெண்களின் வீடுகளிலும் கேட்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று பழமொழியும் துணைக்கு வரும். இது தவறான எண்ணம். காஞ்சிபுரத்து துளசிமதி முருகேசன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மிண்டன் வெள்ளி வென்றார். அதே பிரிவில் வெண்கலம் வென்றவர் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸ். சென்னை ஐஐடியும் 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டில் சாதித்தவர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று பெண்களுக்கே.

நேரம் இடிக்கும் என்பது உண்மை. மாநிலப் போட்டியும் இன்டர்னல் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்; ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் வருகைப்பதிவைக் காப்பாற்றும், தவறிய லேப் வகுப்பைத் திருப்பித் தராது. பாடப்பொருளில் மட்டும் மோதலே இல்லை. உயர்மட்டப் போட்டிக்குப் போனவளின் உடலே ஒரு கோப்பாகிவிடுகிறது. அந்தக் கோப்பைக் காப்பதுதான் சைபர் பாதுகாப்புப் படிப்பு.

ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட வீராங்கனை, காலாண்டு தொடங்குமுன்பே, இரவு தங்கும் முகவரியையும் சோதனைக்குக் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு மணி நேரத்தையும் நாள்வாரியாக ‘ஆடம்ஸ்’ தளத்தில் பதிய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் தடை வரலாம். ஒரு பெண் எந்த இரவு எங்கே தூங்குவாள் என்று முன்கூட்டியே கேட்கும் படிவம் வேறு அரிது. 2016 ஆகஸ்டில், ரஷ்ய ஊக்கமருந்து மோசடியை அம்பலப்படுத்திவிட்டு அமெரிக்காவில் மறைந்து வாழ்ந்த ஓட்ட வீராங்கனை யூலியா ஸ்டெபனோவாவின் ஆடம்ஸ் கணக்கே உடைக்கப்பட்டது. அடுத்த மாதம் ‘ஃபேன்சி பேர்’ என்ற ஹேக்கர் கும்பல் வெளியிட்ட மருத்துவ விவரங்களில் முதல் நால்வரும் பெண்கள்: சிமோன் பைல்ஸ், செரீனா, வீனஸ், எலெனா டெல்லே டான். அனைவரும் முறையான அனுமதியோடு மருந்து எடுத்தவர்கள். குற்றம் எதுவும் இல்லாமலே அவர்களின் நோய் ஊருக்குத் தெரிந்தது. திருடிய வழி போலி மின்னஞ்சல். ஒலிம்பிக் நடந்த ரியோவுக்கே போய், ஊக்கமருந்து தடுப்பு அதிகாரிகள் பயன்படுத்திய வைஃபையிலும் புகுந்தார்கள் என்று, ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகள் எழுவர் மீது 2018 அக்டோபரில் அமெரிக்கா வெளியிட்ட குற்றப்பத்திரிகை சொல்கிறது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதுதான் சைபர் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் அந்தக் குற்றப்பத்திரிகையை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

வெளியானவற்றில் சில, மூலத் தரவோடு ஒத்துப்போகவில்லை என்றும் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடா அறிவித்தது. திருட்டைவிடத் திருத்தல் ஆபத்தானது. அதைத் தடுக்கும் வழி பழையது: 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேட்டின் 31 ஏடுகளும் ராஜேந்திர சோழனின் முத்திரை தாங்கிய வளையத்தில் கோத்தவை. வளையத்தை அறுக்காமல் நடுவே ஓர் ஏட்டைச் செருக முடியாது. டிஜிட்டல் கையொப்பத்தின் வேலையும் இதுவே: கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மதிப்பு மாறும், சரிபார்ப்பு தோற்கும்.

திருட்டு, திருத்தல் தவிர மூன்றாவது ஆபத்து சேவையை முடக்குவது. அதற்கு 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்கவிழா உதாரணம். அன்றிரவு நடந்த சைபர் தாக்குதலில் வைஃபையும் இணையதளமும் படுத்துவிட்டன.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு இங்கேயே வேலை கிடக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. விளையாட்டு விடுதிச் சிறுமிகளின் வயதுச்சான்று, காயப் பதிவு, மாதவிடாய்க் குறிப்பு ஆகியவற்றை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்று ஓர் அனுமதி முறையை வடிவமைக்க, மைதானத்தையும் லேபையும் அறிந்த மாணவியைவிடப் பொருத்தமானவர் இல்லை.