மதகும் மருந்தும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. மலைக்கு அப்பால் தேங்கும் பெரியாற்று நீர், 1895ஆம் ஆண்டு முதல், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களின் வயல்களை வளப்படுத்தி வருகிறது. தேக்கடியிலுள்ள தலைமதகைத் திறந்தால் நீர் பாயும், அடைத்தால் நிற்கும். நாற்று வாடும்போது மதகு மூடிக்கிடந்தால் பயிர் கருகும். அளவுக்கு மீறித் திறந்துவிட்டாலோ வரப்பு உடைந்து பயிர் அழுகும். நீர் ஒன்றே, அதனை ஆக்கமாகவும் அழிவாகவும் மாற்றுவது மதகே. மனித உடலிலும் இத்தகைய மதகுகள் உள.

கழனியில் இறங்கிய சிறுவனின் காலில் முள் தைத்துப் புண்ணானால், தொடையிடுக்கில் ஒரு வீக்கம் தோன்றும். ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பர் ஊரார். வீங்கியிருப்பது நிணநீர்க் கணு. பிளேக் நோய்க்கும் இந்நெறியே தலையாய அடையாளம். அந்நோய் முன்னாளில் கம்பம் பள்ளத்தாக்கினையும் வருத்தியது; அங்கு நடைபெற்ற ஆராய்ச்சியின் விவரம் 1934ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று. நிணநீர்க் கணு வீங்குவது ஏன்? உட்புகுந்த கிருமியை எதிர்க்கும் படை அங்கே திரண்டு பெருகுவதே காரணம். அப்படையின் வீரர்களே லிம்போசைட்டுகள் எனப்படும் நிணநீரணுக்கள்.

நிணநீரணுக்களில் பி, டி என இருபெரும் பிரிவுகள் உண்டு. பி அணுக்கள் எதிர்ப்பொருள் என்னும் புரதத்தை ஆக்குகின்றன. பூட்டுக்கேற்ற சாவி போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய பொருளையே பற்றும். டி அணுக்களோ நோயுற்ற அணுக்களைத் தாமே தேடி அழிக்கின்றன. பிற அணுக்களைத் தூண்டியும் அடக்கியும் போரை நடத்துகின்றன. டி அணுவின் மேற்பரப்பில் பலவகை மூலக்கூறுகள் உள்ளன. அறிஞர் அவற்றுக்கு எண்ணிட்டு, சி.டி. 3, சி.டி. 6, சி.டி. 28 எனப் பெயர் வழங்கினர். இவையே உடலின் மதகுகள். பகைப்பொருளை உணர்ந்த செய்தியைச் சி.டி. 3 அணுவின் உள்ளே செலுத்துகிறது. சி.டி. 28 வழியே இரண்டாம் ஆணையும் வந்தாலன்றி, அணு பெரும்பாலும் முழுமையாகக் கிளர்ந்தெழுவதில்லை. கிளர்ந்தெழுந்த அணு பன்மடங்காகப் பெருகும்; பிற அணுக்களைப் போருக்கு அழைக்கும் பொருள்களையும் சுரக்கும்.

இம்மதகுகளை மனிதர் இயக்க முடியுமா? 1975ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் சீசர் மில்ஸ்டைன், ஜார்ஜ் கோலர் என்னும் இருவர், ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் வழியைக் கண்டனர். 1984ஆம் ஆண்டில் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். மனிதரின் நிணநீரணுக்களை எலியின் உடலிற் செலுத்தினால், எலிக்கு அவை அயற்பொருளாதலின், அவற்றின் மேற்பரப்பைப் பற்றும் எதிர்ப்பொருள்களை அது ஆக்கும். இவ்வாறு, கிருமியைப் பற்ற இயற்கை படைத்த கருவி, மதகைப் பற்றும் கையாயிற்று.

1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சி.டி. 3ஐப் பற்றும் எதிர்ப்பொருள் மருந்தாக ஏற்கப்பெற்றது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தைப் பகையெனக் கருதித் தாக்கிய டி அணுக்களை அது அடக்கியது. ஆயினும், முதல் ஊசி போட்டதும் நோயாளிக்குக் காய்ச்சலும் நடுக்கமும் காண்பதுண்டு. அடங்குமுன் அணுக்கள் ஒருமுறை கிளர்ந்தெழுந்தமையே அதற்குக் காரணம். அணுவைப் பற்றும் எதிர்ப்பொருள் அடக்கவும் கூடும், தூண்டவும் கூடும் என்பது இதனாற் புலனாயிற்று.

தூண்டுதல் எல்லை மீறினால் என்னாகும் என்பதை உலகம் 2006ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாளன்று கண்டது. சி.டி. 28ஐப் பற்றும் புதிய எதிர்ப்பொருளொன்று இலண்டனில் உடல்நலமுள்ள ஆறு இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செலுத்தப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்கே அது. இருந்தும், இரண்டு மணி நேரத்திற்குள் அறுவருக்கும் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல் தோன்றின. இரத்த அழுத்தம் தாழ்ந்தது. பின்னர் நுரையீரலும் சிறுநீரகமும் தளர்ந்தன. மருத்துவர்களின் இடைவிடா முயற்சியால் அறுவரும் உயிர் பிழைத்தனர். ஒருவர் விரல்களை இழந்தார்.

முன்னரே செய்த சோதனைகள் ஏன் எச்சரிக்கவில்லை? குரங்கின் நினைவு டி அணுக்களில் ஒரு வகைக்குச் சி.டி. 28 இல்லை; மனிதரின் அவ்வகை அணுக்களுக்கோ உண்டு. மேலும், சோதனைக் கிண்ணத்தில் எதிர்ப்பொருள் நீர்மத்தில் மிதந்தபோது மனித அணுக்கள் வாளாவிருந்தன. அதே எதிர்ப்பொருளைக் கிண்ணத்தின் பரப்பில் ஒட்டி உலர்த்தி வைத்தபோது அவை பெருகின. எரிச்சலூட்டும் பொருள்களையும் மிகுதியாகச் சுரந்தன. பின்னாளைய ஆய்வே இதனை வெளிப்படுத்தியது. அதன்பின், புதிய மருந்தை முதலில் ஒருவருக்கு மட்டும் செலுத்தி, விளைவு அறிந்த பின்னரே அடுத்தவருக்கு அளிக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

வியப்பு இன்னும் ஒன்று உண்டு. அதே எதிர்ப்பொருளை, இலண்டனில் அளித்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி மீண்டும் சோதித்தனர். 2014ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில் முந்தைய கொந்தளிப்பு காணப்படவில்லை. மாறாக, அமைதிப்படுத்தும் பொருளே சிலருக்குச் சுரந்தது. மதகும் அதுவே, கையும் அதுவே. மாறியது அளவு மட்டுமே.

இத்துறையில் இந்தியாவும் பங்கு பெற்றுள்ளது. சி.டி. 6ஐப் பற்றும் இட்டோலிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் கியூபா நாட்டின் அவானா நகரில் உருவாயிற்று. பெங்களூரில் மேலும் வளர்க்கப்பட்டு, 2013ஆம் ஆண்டில் காளாஞ்சகப்படை என்னும் தோல்நோய்க்கு மருந்தாக வந்தது. அந்நோயில் டி அணுக்கள் உடலின் தோலையே தாக்குகின்றன. இம்மருந்து அவற்றைக் கொன்றொழிப்பதில்லை. அவற்றின் பெருக்கத்தையும் சுரப்பையும் தணிக்கிறது.

உடலைக் காக்கும் படையே கட்டவிழ்ந்தால் உடலை வருத்தும். முற்றும் ஒடுங்கினால் சிறு கிருமியும் உயிரைக் கவரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவைக் காண்பதே மருத்துவ அறிவியலின் அரும்பணி. அந்த அளவு, சோதனைக்குத் தம் உடலை ஈந்த இளைஞர் அறுவரின் துன்பத்தாலும் கற்கப்பட்டது. ஆற்றலைக் கண்டறிதல் அறிவு. அதன் எல்லையை அறிந்து கையாளுதல் பொறுப்பு. இரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் மருந்து மருந்தாகும்.