சொத்தா? சுமையா?

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடையளித்திடுக.

2006ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃபோர்ட் மகிழுந்து நிறுவனத்திற்குப் பெரும் சோதனையாக அமைந்தது. 1903இல் ஹென்றி ஃபோர்ட் தொடங்கிய அந்நிறுவனம், அந்த ஓராண்டில் மட்டும் 12 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் நட்டமடைந்தது. ஆனால், அதே நிறுவனத்திடம் செல்வந்தர்கள் விரும்பி வாங்கும் ஆஸ்டன் மார்ட்டின், ஜாகுவார், வோல்வோ, லேண்ட் ரோவர் ஆகிய நான்கு ஐரோப்பிய மகிழுந்துப் பிரிவுகளும் இருந்தன. நெருக்கடியில் தவிக்கும் நிறுவனம் இத்தகைய புகழ்பெற்ற பிரிவுகளை விற்றுவிட வேண்டுமா? அல்லது பொறுமையோடு காத்து வைத்திருக்க வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண்பது எளிதாக இல்லை.

ஃபோர்ட் இப்பிரிவுகளை ஒரே நாளில் வாங்கிவிடவில்லை. 1987இல் ஆஸ்டன் மார்ட்டினின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 1989இல் ஜாகுவாரை 2.5 பில்லியன் டாலருக்கும், 1999இல் வோல்வோவின் மகிழுந்துப் பிரிவை 6.45 பில்லியன் டாலருக்கும் வாங்கியது. அடுத்த ஆண்டே பி.எம்.டபிள்யூ நிறுவனத்திடமிருந்து லேண்ட் ரோவரை ஏறத்தாழ 2.7 பில்லியன் டாலருக்குப் பெற்றது. சாதாரண மகிழுந்து ஒன்றை விற்பதால் கிடைக்கும் இலாபத்தைவிடச் சொகுசு மகிழுந்து ஒன்றை விற்பதால் கிடைக்கும் இலாபம் அதிகம். அதனால், இம்முதலீடு பலன் தரும் என ஃபோர்ட் நம்பியது.

அந்த நம்பிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. குறிப்பாக, ஜாகுவார் தொடர்ந்து நட்டத்தையே தந்தது. 2001இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்-டைப், ஃபோர்டின் மொண்டியோ மகிழுந்தினுடைய அடித்தளத்தின்மீது உருவாக்கப்பட்டது. செலவைக் குறைக்க எடுக்கப்பட்ட இம்முடிவே அதற்குப் பாதகமாகவும் அமைந்தது. அதிக விலை கொடுத்து ஜாகுவார் வாங்குபவர், அது மற்ற மகிழுந்துகளிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பார் அல்லவா? இதற்கிடையில், அமெரிக்காவில் எரிபொருள் விலை ஏறியது. ஃபோர்டுக்கு அதிக இலாபம் தந்துவந்த பெரிய வாகனங்களின் விற்பனை சரிந்தது. சிக்கனமான ஜப்பானிய மகிழுந்துகள் வாடிக்கையாளர்களைக் கவர்ந்தன.

சொகுசுப் பிரிவுகளை விற்கக்கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. முதலாவதாக, நற்பெயர் என்பது பல பத்தாண்டுகால உழைப்பால் உருவாவது. ஒரு முறை கைநழுவிப் போனால் அதை மீண்டும் உருவாக்குவது கடினம். இரண்டாவதாக, ஒரே குடையின்கீழ் இருக்கும்போது தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற வோல்வோவின் அடித்தளத்தை ஃபோர்ட் தன் சொந்த மகிழுந்துகளுக்கும் பயன்படுத்தி வந்தது. மூன்றாவதாக, நெருக்கடியில் விற்பவருக்கு நல்ல விலை கிடைக்காது. விற்பவரின் அவசரத்தை அறிந்தவர் குறைத்தே விலை கேட்பார். மேலும், இங்கிலாந்திலும் சுவீடனிலும் உள்ள தொழிற்சாலைகளில் பணியாற்றிய பல்லாயிரம் தொழிலாளர்களின் எதிர்காலமும் இம்முடிவைச் சார்ந்திருந்தது.

விற்பதே சரி என்பவர்களின் வாதமும் புறக்கணிக்கத் தக்கதன்று. ஒரு புதிய மகிழுந்தை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுவரப் பெரும் பணமும் பல ஆண்டுகளும் தேவை. நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனியே புதிய மகிழுந்துகளை உருவாக்கும் அளவுக்கு ஃபோர்டிடம் பணம் இல்லை. தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களின் கவனமும் பல திசைகளில் சிதறியது. விளைவாக, ஃபோர்ட் எனும் பெயர் தாங்கிய மகிழுந்துகளே பின்தங்கின. சுருங்கக் கூறின், ஃபோர்ட் அகலக்கால் வைத்துவிட்டது என்பதே அவர்களின் கருத்து.

2006 செப்டம்பரில் ஆலன் முலாலி ஃபோர்டின் தலைமைச் செயல்முறை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அதற்கு முன்னர் அவர் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். நிறுவனத்தின் முழுக் கவனமும் ஃபோர்ட் எனும் ஒரே பெயரின்மீது இருக்க வேண்டும் என்பது அவரின் கொள்கை. அவ்வாண்டின் இறுதியில், நிறுவனத்தின் சொத்துகளை ஈடாக வைத்து 23 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட கடன் வசதி பெறப்பட்டது. ஃபோர்டின் புகழ்பெற்ற நீலநிற முட்டை வடிவச் சின்னமும் அந்த ஈட்டில் அடங்கும்.

அதன்பின் விற்பனை தொடங்கியது. 2007இல் ஆஸ்டன் மார்ட்டின் 479 மில்லியன் பவுண்டு மதிப்பில் கைமாறியது. 2008 ஜூன் மாதம், ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் 2.3 பில்லியன் டாலருக்கு வாங்கியது. அத்தொகையில் சுமார் 600 மில்லியன் டாலரைத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதிக்கு ஃபோர்டே வழங்க வேண்டியிருந்தது. 2010இல் சீனாவின் ஜீலி நிறுவனம் வோல்வோவை வாங்கியது. அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விலை 1.8 பில்லியன் டாலர். வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் ஜாகுவார், லேண்ட் ரோவர், வோல்வோ ஆகியவற்றின் விற்பனை ஃபோர்டுக்குப் பெரும் இழப்பே.

இருப்பினும், டாட்டாவிடம் விற்ற சில மாதங்களிலேயே உலகப் பொருளாதார நெருக்கடி வெடித்தது. ஃபோர்டின் போட்டி நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அரசாங்கத்தின் மீட்பு நிதியைப் பெற்றும், 2009இல் நொடிப்புநிலை அறிவித்தன. ஃபோர்ட் அந்நிலைக்கு ஆளாகவில்லை. அது மீட்பு நிதியையும் பெறவில்லை. அதே ஆண்டில் அது 2.7 பில்லியன் டாலர் இலாபம் ஈட்டியது. 2012இல் ஈடு வைத்த சின்னத்தையும் மீட்டது.

சொகுசுப் பிரிவுகளை விற்றதால்தான் ஃபோர்ட் பிழைத்தது எனக் கூறிவிட முடியாது. நெருக்கடிக்கு முன்பே பெற்ற கடனே அதன் உயிர்நாடியாக இருந்தது. விற்பனையால் கிடைத்த தொகை அக்கடனைவிட மிகக் குறைவு. ஆனால், விற்ற பிரிவுகளுக்காகச் செலவிட வேண்டியிருந்த பணமும் கவனமும் மிச்சமாயின. அவை ஃபோர்ட் மகிழுந்துகளை மேம்படுத்த உதவின.

வாங்கியவரின் நிலை என்னவாயிற்று? தொடக்கத்தில் டாட்டாவும் கடும் நட்டத்தைச் சந்தித்தது. அது தவறு செய்துவிட்டது எனப் பலரும் குறை கூறினர். ஆனால், டாட்டா புதிய வடிவமைப்புகளில் தொடர்ந்து முதலீடு செய்தது. 2011இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் இவோக் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2011/12ஆம் நிதியாண்டில் ஜாகுவார் லேண்ட் ரோவர் ஏறக்குறைய 1.5 பில்லியன் பவுண்டு இலாபத்தை, வரிக்கு முன்னர், ஈட்டியது. ஃபோர்டுக்குச் சுமையாக இருந்தது டாட்டாவுக்குச் சொத்தாக மாறியது.

நம் நாட்டிலும் இதையொத்த நிகழ்வு உண்டு. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் புகழ்பெற்ற லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 2017இல், புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்குகளோடு லோட்டஸின் 51 விழுக்காட்டுப் பங்குகளும் விற்கப்பட்டன. வாங்கியது, வோல்வோவை வாங்கிய அதே ஜீலி நிறுவனம்.

ஆகவே, ஒரு சொத்தின் மதிப்பு அதன் புகழை மட்டும் பொறுத்ததன்று. அதைப் பேணி வளர்க்கப் பணமும் காலமும் கவனமும் தேவை. இவை இல்லாதவரிடம் புகழ்பெற்ற பெயரும் நாளடைவில் மங்கிவிடும். நெருக்கடியில் உள்ள நிறுவனம், “இதை விற்றால் எவ்வளவு கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டால் போதாது. “இதை நன்முறையில் பேண நம்மால் இயலுமா?” என்றும் கேட்க வேண்டும். இயலாது என்பது விடையானால், குறைந்த விலைக்கு விற்பதும் தோல்வி ஆகாது.

சொற்பொருள்
ஈடு – கடனுக்குப் பிணையாக வைக்கப்படும் பொருள்
நொடிப்புநிலை – கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலை
அகலக்கால் வைத்தல் – தன் சக்திக்கு மீறிய செயலில் இறங்குதல்

வினாக்கள்
1. ஃபோர்ட் நிறுவனம் சொகுசு மகிழுந்துப் பிரிவுகளை வாங்கியதற்கான காரணம் என்ன?
2. ஜாகுவார் எக்ஸ்-டைப் மகிழுந்துக்குப் பாதகமாக அமைந்தது யாது? ஏன்?
3. சொகுசுப் பிரிவுகளை விற்கக்கூடாது என்பதற்கான காரணங்களுள் மூன்றனை எழுதுக.
4. ‘ஃபோர்டுக்குச் சுமையாக இருந்தது டாட்டாவுக்குச் சொத்தாக மாறியது.’ இக்கூற்றைச் சான்றுடன் விளக்குக.
5. நீர் 2006இல் ஃபோர்டின் தலைமைச் செயல்முறை அதிகாரியாக இருந்திருந்தால் எம்முடிவை எடுத்திருப்பீர்? காரணங்களுடன் குழுவில் கலந்துரையாடுக.