அய்லரான் கோணத்தைக் கூட்டினால் விமானம் திரும்புமா?

"விமானம் மந்தமாகத் திரும்புகிறதா? அனிமேஷன் கோப்பில் அய்லரான் கோணத்தை 20லிருந்து 40 ஆக்கு." ஃப்ளைட்கியர் சிமுலேட்டருக்கு விமானம் செய்யப் புதிதாக வருபவர்களிடம் இந்த யோசனையை யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டவர்களும் அப்படியே செய்துவிட்டு, "இப்போ பரவாயில்லை" என்கிறார்கள். அது வெறும் கண்மயக்கம். அந்த எண்ணை 400 ஆக்கினாலும் விமானம் ஒரு டிகிரிகூட அதிகம் சாயாது.

ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்ததும் அந்தத் தகவல் முதலில் போவது பறப்பியல் கணக்கைச் செய்யும் நிரலுக்கு. ஜேஎஸ்பிசிம், யாசிம் என்பவை அத்தகைய நிரல்கள். காற்று விசை, எடை, இன்ஜின் இழுப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு விமானத்தை நகர்த்துவது அந்த நிரல்தான். இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் அய்லரான் எங்கே நிற்கிறது என்பதை மைனஸ் 1 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாக, சிமுலேட்டரின் பொதுப் பட்டியலான ப்ராப்பர்ட்டி ட்ரீயில் அது எழுதி வைக்கிறது. அனிமேஷன் அந்த எண்ணை எடுத்து, நீங்கள் கொடுத்த ஃபேக்டரால் பெருக்கி, மாடலில் அந்தத் துண்டை மட்டும் திருப்பிக் காட்டுகிறது. அது வாசிக்கும், பறப்பியலுக்கு எதையும் திருப்பிச் சொல்லாது.

நம்பிக்கை வராதவர்கள் மாடல் கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டுச் சிமுலேட்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் விமானத்தின் உருவம் திரையில் இருக்காது. ஆனால் அது ஓடும், எழும்பும், ஸ்டால் ஆகும். ஜேஎஸ்பிசிம்மைத் திரையே இல்லாமல் தனியாகவும் ஓட்டலாம். 2020இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய ஆல்ஃபாடாக்ஃபைட் போட்டியில், செயற்கை நுண்ணறிவு ஓட்டிய எஃப்-16க்குப் பறப்பியல் கணக்கு போட்டது ஜேஎஸ்பிசிம்தான். அந்தக் கணக்குக்கு ஒரு பாலிகன்கூடத் தேவையில்லை. விமானம் சரியாகத் திரும்பவில்லையென்றால் ஏரோடைனமிக்ஸ் பகுதியில் ரோல் அச்சுக்குரிய கெழுக்களைப் பாருங்கள், நிலைமத் திருப்புத்திறனைப் பாருங்கள். அனிமேஷன் கோப்பைத் தொடாதீர்கள்.

அய்லரான் அசையவே இல்லையா? அப்போதும் ஊகிக்க வேண்டாம். ப்ராப்பர்ட்டி பிரவுசரைத் திறந்து, ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தபடி அய்லரானுக்குரிய அந்த எண்ணைக் கவனியுங்கள். எண் மாறினால் பிழை அனிமேஷனில்; மாறாவிட்டால் பெரும்பாலும் பறப்பியல் கோப்பில். ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் வாரக்கணக்கில் கோணத்தை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், திரையில் சக்கரம் ஓடுபாதைக்குள் புதைந்து தெரிவது. உடனே பறப்பியல் கோப்பில் சக்கரம் தரையைத் தொடும் இடங்களைக் குறிக்கும் தொடுபுள்ளிகளை நகர்த்துகிறார்கள். அப்படிச் செய்தால் ஈர்ப்பு மையத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம் மாறி, ஓடுபாதையில் விமானம் மூக்கைத் தூக்கும் விதமே கெட்டுவிடும். தொடுபுள்ளிகள் சரியாக அளந்து எழுதப்பட்டவை என்றால், நகர்த்த வேண்டியது மாடலின் ஆஃப்செட்டை.

மற்ற தவறுகள் சில்லறை. சி++ தெரிய வேண்டும் என்பது பொய். எழுதப்போவது பெரும்பாலும் எக்ஸ்எம்எல்தான். ஆப்ஜெக்ட் பெயரை எப்படி எழுதினாலும் நடக்கும் என்பதும் பொய். பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால் துண்டு அசையாது. மாடல் செய்யும் மென்பொருளான ஏசி3டியில் மேல்நோக்கிய அச்சு ஒய், ஃப்ளைட்கியரில் இசட். ப்ரொப்பெல்லருக்கு ரொட்டேட் என்ற அனிமேஷன் வகை போதாது, ஸ்பின் வேண்டும்.

அனிமேஷனில் கொடுக்கும் கோணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அது உண்மையான விமானத்தின் கோணமாக இருக்க வேண்டும். செஸ்னா 172இன் அய்லரான் மேலே 20 டிகிரி, கீழே 15 டிகிரிதான் போகும். அய்லரான் கீழே இறங்கும் பக்கத்தில் இழுவை கூடி, மூக்கு எதிர்ப்பக்கம் போவதைக் குறைக்கத்தான் இந்த வித்தியாசம். ஒரே ஃபேக்டரைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் சமமாகத் திரும்பும். அது 172 இல்லை. இன்டர்போலேஷன் அட்டவணையில் மைனஸ் 1, 0, 1 என்ற மூன்று எண்களுக்கும் தனித்தனிக் கோணம் கொடுங்கள். வாலில் உள்ள எலிவேட்டரும் அப்படியே: மேலே 28, கீழே 23. இந்த அளவுகள் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் 3ஏ12 என்ற வகைச் சான்றிதழ்த் தரவுத்தாளில் இருக்கின்றன. அது இலவசமாகவே கிடைக்கிறது. அனிமேஷன் கோப்பில் முதல் எண்ணை எழுதுவதற்கு முன் தயவுசெய்து அதை இறக்கி வாசியுங்கள்.