வாங்கியது 30,000… சம்மனில் ஒரு லட்சம்!

கேள்வி: பட்டாசு ஆலையில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால், மழையில் ஆலை மூடிக்கிடந்தபோது தெரிந்தவரிடம் 10 வட்டிக்கு 30,000 ரூபாய் கேட்டேன். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 27,000 கொடுத்தார். எழுதாத புரோநோட்டில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கினார். வெறும் செக் ஒன்றும் கொடுத்தேன். மாதம் 3,000 வீதம் 16 மாதம் கட்டினேன். அதில் 9 மாதம் மகன் போனிலிருந்து ஜிபே. அப்புறம் முடியவில்லை. இப்போது, இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் ஒரு லட்சம் வாங்கியதாக முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. ‘வாங்காதே, திருப்பி அனுப்பு’ என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திருத்தங்கல்

பதில்: அம்மா, சம்மனை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போவார். சார்பு செய்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாய்தா அன்று உங்கள் பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி. அதன்பின் அந்த ஒரு லட்சம், வட்டி, செலவுத்தொகையோடு உங்கள் தலையில் டிக்ரியாக விழும். விழுந்தாலும் 30 நாளுக்குள் அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம். ஆனால் வராததற்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

ஆஜரான பிறகு எதிர்வழக்குரை. சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். காரணம் சொன்னால் கோர்ட் 90 நாள் வரை தரலாம். ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள்: சம்மனில் ‘10 நாளுக்குள்’ என்று இருந்தால் அது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளைப்படி போட்ட சுருக்க வழக்கு. அதில் ஆஜராகவே 10 நாள்தான். எதிர்த்து வழக்காடத் தனியாக அனுமதியும் கேட்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். ‘அது என் கையெழுத்தே இல்லை’ என்று எழுதச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். செய்யாதீர்கள். கையெழுத்தை நிபுணர் ஒப்பிட்டு உங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டால், நீங்கள் சொல்லும் உண்மையும் சேர்ந்து அடிபடும். கையெழுத்தை ஒப்புக்கொண்டு, தொகையையும் தேதியையும் மறுங்கள். ‘பிராதில் உள்ள அனைத்தும் பொய்’ என்று ஒரே வரியில் மறுப்பதும் போதாது. குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும்.

கையெழுத்தை ஒப்புக்கொண்டால் பணம் கைமாறியது என்ற அனுமானம் வாதி பக்கம் போகும் (மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 118). ஸ்டாம்பு ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்திட்டவர், அதை நிரப்பிக்கொள்ள அதிகாரம் தந்ததாகவே பிரிவு 20 பார்க்கிறது. ஆனால் இந்த அனுமானம் உடைக்கக் கூடியதுதான். உங்களிடம் அதற்கான உளி இருக்கிறது: அந்த 9 ஜிபே.

நோட்டின் தேதி இரண்டு வருடத்துக்கு முன். ஜிபே போனதெல்லாம் அதற்கும் முன்னால். கடன் கொடுப்பதற்கு முன்பே வட்டி வாங்கினாரா? ஒவ்வொரு முறையும் சரியாக 3,000 ஏன் போனது? 30,000-க்கு 10 வட்டி போட்டால் வரும் தொகை அது. குறுக்கு விசாரணையில் இந்த இரண்டு கேள்விக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். நோட்டில் தொகையோடு தேதியையும் காலியாக விடச் சொல்வது இதற்குத்தான்: புரோநோட்டை வைத்து வழக்குப் போடக் காலக்கெடு மூன்றே வருடம், தேதியைப் பிந்திப் போட்டுக்கொண்டால் அது தாண்டாது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல், மகன் கணக்கின் ஸ்டேட்மென்டை வங்கி முத்திரையோடு வாங்குங்கள். மகன் சாட்சி சொல்லவும் தயாராக இருக்க வேண்டும்.

வட்டி விஷயம். தமிழ்நாட்டில் 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டப்படி, அரசு நிர்ணயித்த வட்டிக்கு மேல் வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. அடமானமில்லாத கடனுக்கு அந்த வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். உங்களிடம் வாங்கியது 120. கையில் வந்த 27,000-க்கு 12 சதவீதம் போட்டுப் பார்த்தால், பத்தாவது தவணையிலேயே கடன் தீர்ந்துவிட்டது. இந்தக் கணக்கை எதிர்வழக்குரையில் எழுதச் சொல்லுங்கள். போலீசில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் புகார் கொடுத்ததால் சிவில் வழக்கு நிற்காது. 2017-இல் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகும், நம் ஊரில் இந்தச் சட்டம் தூசி தட்டப்படுவது எப்போதாவதுதான்.

பயமுறுத்துவார்கள், அதனால் சொல்கிறேன். பணத்துக்கான டிக்ரிக்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது (உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 56). உடலுழைப்புக் கூலியையும் பி.எஃப். பணத்தையும் ஜப்தி செய்ய முடியாது (பிரிவு 60).

வக்கீல் ஃபீஸ் இல்லையென்று தள்ளிப்போடாதீர்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலோ மனுக் கொடுங்கள், 15100-க்கும் கூப்பிடலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால், நோட்டையும் செக்கையும் திருப்பித் தர வேண்டும் என்பதை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அந்த செக் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அதைப் போட்டுத் திரும்பினால் தனியாகக் கிரிமினல் வழக்கு வரும். அதற்கு முன் வக்கீல் நோட்டீஸ் வந்தாக வேண்டும். கிடைத்த 15 நாளுக்குள், இதே உண்மையை எழுதிப் பதில் அனுப்பிவிடுங்கள்.