முதுமை மறதியும் இன்சுலினும்

மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது முதுமையில் இயல்பே. ஆனால், நாள்தோறும் சென்றுவரும் தெருவில் வழி தடுமாறுவதும், பலகாலம் எழுதிவந்த வரவு செலவுக் கணக்குப் பிடிபடாமற் போவதும் அத்தகையன அல்ல. இவற்றையும் ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடுகிறோம். இத்தகைய மறதிக்கும் உடலிலுள்ள சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை இங்குக் காண்போம்.

இன்சுலின் எதிர்ப்பு என்பது யாது?

உணவிலுள்ள மாவுப்பொருள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், அது தசைகளுக்குள் புக வழி திறக்கிறது. வயிற்றுக் கொழுப்பு மிகுந்து உடலுழைப்புக் குறையும்போது, தசைகள் இன்சுலினுக்கு முன்போல் இணங்குவதில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு. கணையம் மிகுதியாகச் சுரந்து ஈடுசெய்வதால், இரத்தச் சர்க்கரை பல்லாண்டுகள் இயல்பாகவே தோன்றலாம். கணையம் சோர்வுறும்போதே நீரிழிவு வெளிப்படுகிறது.

மூளைக்கு என்ன தொடர்பு?

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது பெறுகிறது. சர்க்கரையை ஏற்க மூளை பெரும்பாலும் இன்சுலினை எதிர்பார்ப்பதில்லை. எனினும், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் இன்சுலின் ஏற்பிகள் உள்ளன; நரம்பணுக்களின் இணைப்புக்கு இன்சுலின் துணைபுரிகிறது. நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரையோ மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 6,370 முதியோரைக் கவனித்த ஆய்வின் முடிவு 1999-இல் வெளியாயிற்று. நீரிழிவு உடையோர்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறக்குறைய இருமடங்கு என்பது அதன் முடிவு. நீரிழிவு உடையோர் அனைவருக்கும் மறதிநோய் வரும் என்பது இதன் பொருளன்று.

நாம் செய்யத்தக்கவை

1. நாள்தோறும் நடத்தல். இயங்கும் தசை இன்சுலினின் துணையின்றியும் சர்க்கரையை ஏற்கும். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் 2 ஆண்டுகள் நடந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. உணவு ஒழுங்கு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒருங்கே பெற்றோரின் அறிவுத்திறன், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரைவிடக் கூடுதலாக மேம்பட்டது.

2. சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழவிடாமை. தாழ்சர்க்கரை முதியோர்க்கு மனக்குழப்பத்தையும் மயக்கத்தையும் தரும். நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் உண்ணாநோன்பு ஏற்குமுன் மருத்துவரிடம் கேட்டல் வேண்டும்.

3. பிற காரணங்களை ஆராய்தல். மரக்கறி உணவு கொள்வோர்க்கும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போர்க்கும் வைட்டமின் பி12 குறையக்கூடும். அக்குறையாலும் மறதி வரும். ஓர் இரத்தப் பரிசோதனையில் அதனை அறியலாம். காலத்தே அறிந்தால் பெரும்பாலும் சீர்செய்யலாம்.

சிந்திக்க

அ) இரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே இன்சுலின் எதிர்ப்பு இருப்பது எங்ஙனம்?

ஆ) நம் இல்லத்து முதியவரின் மறதியில் இயல்பானது எது, மருத்துவரிடம் கூற வேண்டியது எது?